'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
(வாகனக் காப்பீடு பற்றி ஒரு சிறு பாடம்)



ஆட்டோமொபைல் பிரிவில் மூன்று வருஷமாகப் படிக்கிறோம். கியர் பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவோம். ஆனால் அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போடும்போது தருகிற படிவத்தை நம்மில் எத்தனை பேர் முழுசாகப் படித்திருக்கிறோம்? நானும் படித்தவன் இல்லை. போன ஆடி மாசம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்தான் என்னைப் படிக்க வைத்தது. அதில் கற்றுக்கொண்டதை இங்கே பாடமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அப்பா ஒரு நூல் மில்லில் 19 வருஷம் சூப்பர்வைசர். மில்லை மூடி அப்போது ஏழு மாசம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு பழைய ஆல்டோ கார், 796 சி.சி. பாலிசி முடிய நாலு நாள் இருக்கும்போது ஏஜெண்ட் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"தொழில்னு என்னங்க போடறது?" என்று கேட்டார்.

அப்பா பதில் பேசவில்லை.

"பழையபடி சூப்பர்வைசர்னே இருக்கட்டுமுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அப்பா பேனாவை எடுத்துவிட்டார். அடுப்படியிலிருந்து அம்மா, "இல்லாத வேலையை எதுக்குங்க எழுதோணும்?" என்றார். "வேலை இல்லைன்னு எழுதினா பணத்தை ஏத்திப் போடுவாங்க, உனக்கு என்ன தெரியும்?" என்று அப்பா சத்தம் போட்டார். பணம் ஏறும் என்ற பயம் பாதிதான். 'வேலை இல்லை' என்று தன் கையால் எழுத அவருக்கு மனசு வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"அண்ணா, படிவத்தை ஒரு நாள் வெச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டேன். மறுநாள் அதை எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முன்பு இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் விபத்தில் நசுங்கிய லாரிகளைப் பார்த்துப் பார்த்து அனுபவப்பட்டவர். இனி வருவது பெரும்பாலும் அவர் சொல்லிக் கொடுத்தது.

1. ஏன் இத்தனை கேள்வி?

கடையில் சட்டை வாங்கினால் கிழிசல் இருக்கிறதா என்று நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ் அப்படி அல்ல. வண்டியைப் பற்றியும் அதை ஓட்டுகிறவரைப் பற்றியும் எல்லாம் தெரிந்தவர் வண்டிக்காரர்; கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொல்வதை நம்பித்தான் கம்பெனி பணம் நிர்ணயிக்கிறது. அதனால் இதைப் பரிபூரண நல்லெண்ண ஒப்பந்தம் என்கிறார்கள்.

இந்தக் கொள்கைக்கு வேர் 1766-ல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு சொன்ன ஒரு தீர்ப்பு. சுமத்ரா தீவில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் கவர்னர் கார்ட்டர், எதிரிகள் கோட்டையைப் பிடித்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்று லண்டனில் காப்பீடு செய்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தே விட்டார்கள். "கோட்டை பலவீனம் என்பதைச் சொல்லாமல் மறைத்தார், பணம் தர மாட்டேன்" என்றார் காப்பீடு கொடுத்த போஹம். 'தெரிந்த முக்கிய விஷயத்தை மறைக்கக் கூடாது' என்ற விதியை நீதிபதி வகுத்தார். ஆனால் கோட்டையின் நிலைமை காப்பீடு கொடுப்பவர் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதுதான் என்று சொல்லி, கார்ட்டர் பக்கமே தீர்ப்பளித்தார். விதி இரண்டு பேருக்கும் பொது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எது 'முக்கிய விஷயம்'? காப்பீடு கொடுப்பதா வேண்டாமா, கொடுத்தால் எவ்வளவு பணத்துக்கு என்று கம்பெனி எடுக்கும் முடிவை எது மாற்றுமோ, அது முக்கிய விஷயம். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

2. வேலை இல்லாவிட்டால் பிரீமியம் ஏறுமா?

மோட்டார் பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான 'தேர்டு பார்ட்டி'. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவின்படி இது கட்டாயம். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 2,094 ரூபாய்; 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு 714 ரூபாய். இந்தப் பட்டியலில் சி.சி. உண்டு, வண்டி வகை உண்டு. உரிமையாளரின் தொழில் என்ற பேச்சே இல்லை. கலெக்டர் காரானாலும் கைத்தறிக்காரர் காரானாலும் ஒரே கட்டணம்.

இன்னொன்று, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்'. வண்டியின் மதிப்பு, வயசு, சி.சி., பதிவான ஊர் ஆகியவைதான் இதற்கு அடிப்படை. 2007 முதல் இதன் விகிதத்தைக் கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு கம்பெனி குறிப்பிட்ட தொழிலுக்கென்று தள்ளுபடி கொடுத்தால், அந்த இடத்தில் தொழில் முக்கிய விஷயமாகிவிடும். அந்தத் தொழிலில் இல்லாதவர் அந்தத் தள்ளுபடியை வாங்கக் கூடாது.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தொழிலைக் கேட்டு அதை வைத்தும் பணம் போடுகின்றன. வேலை இழந்தவர் பழைய வேலையை எழுதினால் அது தவறான தகவல். 2012-ல் இயற்றிய ஒரு சட்டம், கவனக்குறைவாகச் சொன்ன தவறுக்கும் வேண்டுமென்றே சொன்ன பொய்க்கும் அங்கே தனித்தனி விளைவு வைத்திருக்கிறது.

நம் ஊரிலும் தொழில் கணக்கில் வருகிற பாலிசிகள் உண்டு. தனிநபர் விபத்துப் பாலிசியில் ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்பவர் ஒரு வகுப்பு, பட்டறையில் வேலை செய்பவர் இன்னொரு வகுப்பு, சுரங்கத்தில் இறங்குபவர் வேறொரு வகுப்பு. ஆயுள் காப்பீட்டிலும் தொழிலும் வருமானமும் கேட்பார்கள். அங்கெல்லாம் பழைய வேலையை எழுதி வைத்தால் பின்னால் குடும்பம்தான் அலையும்.

3. ஆசிரியர் கேட்ட கேள்வி

இதையெல்லாம் கேட்டு, "அப்ப எங்கப்பா எதை எழுதினாலும் ஒண்ணுதானுங்களா சார்?" என்றேன்.

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, 'உபயோகம்' என்ற வரியைத் தொட்டார். "அது இருக்கட்டும் தம்பி. வேலை போனப்புறம் உங்கப்பா அந்தக் காரை எதுக்கு ஓட்டறார்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. மூன்று மாசமாக அப்பா ஊர்க்காரர்களைச் சேலம் ஆஸ்பத்திரிக்கும், திருச்செங்கோடு மலைக்கு முகூர்த்தத்துக்கும் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்தார். பெட்ரோல் என்று கணக்குப் பார்த்து ஐந்நூறு, அறுநூறு கொடுப்பார்கள். எங்கள் வீட்டு மளிகைக் கடன் அதில்தான் அடைந்தது. என் பரீட்சைக் கட்டணமும் அதிலிருந்து வந்ததுதான்.

சொந்தக் கார் பாலிசியில் தெளிவாக எழுதியிருக்கிறது: வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாலிசி பொருந்தாது. சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றுவதற்கும், பந்தயம் ஓட்டுவதற்கும் பொருந்தாது. வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் பர்மிட் இல்லாத குற்றமும் சேர்ந்துகொள்ளும். ஆக, 'வேலை இல்லை' என்பது எங்கள் பிரீமியத்தை மாற்றாது. வேலை போனதால் வண்டியின் உபயோகம் மாறியதே, அதுதான் முக்கிய விஷயம்.

2008-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொன்னார். சொந்த உபயோகம் என்று காப்பீடு செய்த ஸ்கார்ப்பியோவை டாக்சியாக ஓட்டியிருக்கிறார்கள். வண்டி பறிபோய்விட்டது. கம்பெனி பணம் தர மறுத்தது. திருட்டில் உபயோகம் என்ன என்று பார்த்து முழுசாக மறுக்க முடியாது என்று கோர்ட் சொன்னாலும், கிடைத்தது 75 சதவீதம்தான். அதற்கும் கோர்ட் கோர்ட்டாக ஏற வேண்டியிருந்தது.

"அது வண்டி போன கேஸ். வண்டிக்குள்ள இருக்கிற ஆளுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றார். சட்டத்தின் 150-ஆம் பிரிவு, முக்கிய விஷயத்தை மறைத்து வாங்கிய பாலிசி செல்லாது என்றும், வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டது என்றும் வாதாடக் கம்பெனிக்கு இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட்டுகள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. எங்களிடம் வசூலிக்க என்ன இருக்கிறது? ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம்.

4. இன்னொரு பொய்: நோ கிளெய்ம் போனஸ்

ஒரு வருஷம் கிளெய்ம் வாங்காவிட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து வாங்காவிட்டால் 25, 35, 45, கடைசியாக 50 வரை ஏறும். ஒரு கிளெய்ம் வாங்கினால் மறுபடி பூஜ்யம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போய்விடும். கம்பெனியை மாற்றும்போது, 'கிளெய்ம் வாங்கவில்லை' என்று பொய் சொல்லி இதை வாங்குகிறவர்கள் உண்டு. ஓன் டேமேஜ் பிரீமியம் 3,000 ரூபாய் என்றால் 20 சதவீதம் வெறும் 600 ரூபாய். நாளை வண்டி நசுங்கி ஒரு லட்ச ரூபாய் கிளெய்ம் போடும்போது அந்த 600 ரூபாய்ப் பொய் குறுக்கே வந்து நிற்கும்.

5. எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். முதலில் கோபம்தான். "வாடகைக்கு ஓட்டாதேங்கிற. சரி, சோத்துக்கு வேற வழி சொல்லு!" என்றார். என்னிடம் பதில் இல்லை. மஞ்சள் போர்டுக்கு மாற்றலாமா என்று கணக்குப் போட்டோம். வரி, பர்மிட், எஃப்.சி., வாடகை வண்டிக்கான பிரீமியம் எல்லாம் சேர்த்தால் அந்தப் பழைய காருக்குக் கட்டுபடியாகவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஏஜெண்ட் வந்தார். அப்பாவே, "தற்போது வேலை இல்லைன்னு போடுங்க" என்றார். ஏஜெண்ட் செல்போனில் இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்தார். சூப்பர்வைசர் என்று போட்டாலும், வேலை இல்லை என்று போட்டாலும் தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. அப்பா அந்தத் தொகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்களை வாடகைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினார். இரண்டு மாசம் சிரமம்தான். இப்போது பர்மிட் உள்ள டூரிஸ்ட் வண்டிகளுக்கு ஆக்டிங் டிரைவராகப் போகிறார். அடுத்த புதுப்பித்தலில் தொழில் என்ற கட்டத்தில் 'டிரைவர்' என்று எழுதுவோம்.

6. நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

டிப்ளமோ முடித்து வேலை கிடைக்கும்வரை நம்மில் பலர் இதே கட்டத்தின் முன்னால் நிற்கப்போகிறோம். ஆகவே:

அ) வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது, பொறுப்பும் நம்முடையது.

ஆ) 'மாணவர்', 'வேலை தேடுகிறேன்', 'தற்போது வேலை இல்லை' என்று உள்ளதை எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இ) சாயங்காலம் சொந்த பைக்கில் சாப்பாடு, பார்சல் டெலிவரிக்குப் போகிறவர்கள், உங்கள் பாலிசி அதற்குப் பொருந்துமா என்று கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஈ) முகவரி மாறினாலும், கேஸ் கிட் மாட்டினாலும் உடனே தெரிவித்துப் பாலிசியில் பதிவு செய்யுங்கள்.

உ) நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள். நாம் உண்மை சொன்னதற்கு அதுதான் சாட்சி.

ஊ) உண்மை சொல்லியும் கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். தீராவிட்டால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு.

இந்த மலரைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு வண்டியின் பாலிசியை எடுத்து, 'உபயோக வரம்பு' என்ற பகுதியை மட்டுமாவது அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு