பணியாரமும் பிளேன்ரீயும்

பெருநாள் கிட்ட வந்தால் தாய்மாருக்கு ஒரு யோசனை. அப்பாவுக்குச் சீனி வருத்தம், சின்னவனுக்குப் பல்லில் சூத்தை. பலகாரம் சுடுவதா, விடுவதா? எங்கள் பதில்: சுடுங்கள். பயப்பட வேண்டியது வருடத்தில் நாலைந்து நாள் தின்னும் பணியாரத்துக்கு அல்ல, நாள்தோறும் கணக்கில் வராமல் உள்ளே போகும் சீனிக்கே.

ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். விடிய ஒன்று, பத்து மணிக்குத் தோட்டத்தில் ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவு ஒன்று என நாலு பிளேன்ரீ. கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் 48 கிராம். வளர்ந்த ஒருவர் சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குக் குறைவாக, முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. பிஸ்கட்டும் சோடாவும் வருமுன்பே எங்கள் பங்கு முடிந்துவிடுகிறது.

1990இலும் 1995இலும் ஊரைவிட்டு வந்தபோது நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. மரக்கறி வாங்கக் காசில்லை. பசித்த பிள்ளைக்கு ரொட்டியும் இனித்த தேநீரும் கொடுத்த தாயைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. ஆனால் முகாமை விட்டு வெளியேறிய பலரோடு அந்தக் கரண்டிக் கணக்கும் சேர்ந்தே வந்துவிட்டது.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகும். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். பழைய ஆட்களைப் போலச் சிறு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கலாம். (பனங்கட்டியும் சீனிதான். "அது நல்லது" என்று சீனி வருத்தக்காரர் இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டக் கூடாது!)

சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுப்பதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். கீரைக்கறிக்குத் தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். இரவல் காணியிலும் ஒரு முருங்கைத் தடி ஊன்றலாம். ஊருக்குத் திரும்பும் நாளில் ஒரு கொப்பை வெட்டிக்கொண்டு போகலாம்.

இனிப் பெருநாளுக்கு வருவோம். பயற்றை வறுத்து இடித்த மாவோடு தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருட்டினால் பயத்தம் உருண்டை. பயற்றில் புரதம் உண்டு. கடை இனிப்பில் அது அரிது. கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்தால் பணியாரம். பாதியைப் பொரித்து, பாதியை உருண்டையாகவே வைக்கலாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

அப்பாவுக்கும் ஒன்று கொடுங்கள்; அன்றைய தேநீர் சீனியில்லாமல் இருக்கட்டும். நீரிழிவுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர் பலகாரத்தை நினைத்துச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்தால் பக்கத்து வீட்டில் போய்த் தின்பார்கள். அம்மம்மாவோடு இருந்து அவர்களும் உருட்டட்டும்.

செய்துபார்க்க: ஒரு கிழமையில் வீட்டில் முடியும் சீனியை நிறுத்துப் பாருங்கள். அதை ஆட்களின் தொகையால் பிரித்து, பின் ஏழால் பிரியுங்கள். ஐந்து பேருக்கு 2 கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 57 கிராம். உங்கள் வீட்டில் எவ்வளவு? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு அந்த எண்ணைக் கொண்டுவாருங்கள்.