கேஸ் எங்கே போனது?

கொல்கத்தா, ஹூக்ளி ஆற்றின் கரையில் உள்ள பெரிய நகரம். கோடையில் அங்கே வெயிலும் அதிகம், புழுக்கமும் அதிகம். 2024 ஏப்ரல் 30 அன்று அங்கே வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தொட்டது.

முன்பு கொல்கத்தாவில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் நிற அம்பாசடர் டாக்சிகள் ஓடின. அவற்றில் பெரும்பாலும் ஏ.சி. கிடையாது. பயணிகள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் கார்களைச் செய்த உத்தர்பாரா தொழிற்சாலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது வாடகைக் கார்கள் பலவற்றில் ஏ.சி. உண்டு. அது குளிரவில்லை என்றால் பயணி கோபப்படுவார். ஓட்டுநரின் வருமானம் குறையும்.

ஓட்டுநர் பட்டறைக்குப் போகிறார். "கேஸ் தீர்ந்துவிட்டது. நிரப்பினால் போதும்" என்கிறார்கள். பணம் கொடுத்து நிரப்புகிறார். சில வாரங்கள் குளிர்கிறது. பிறகு மறுபடியும் வெறும் காற்று, மறுபடியும் செலவு. அப்படியானால் கேஸ் எங்கே போனது?

ஏ.சி. வேலை செய்யும் விதம்

ஏ.சி. கேஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது.

கம்ப்ரசர் என்ற கருவி கேஸை அழுத்துகிறது. அப்போது கேஸ் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சூடாவது போலத்தான் இதுவும். சூடான கேஸ், வண்டியின் முன்பக்கம் உள்ள கண்டென்சருக்குப் போகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு வெப்பம் வெளியேறுகிறது. கேஸ் திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துளை வழியாகக் கூலிங் காயிலுக்குள் பாய்ந்து, மீண்டும் கேஸாகிறது. அப்போது காயில் குளிர்கிறது. அதன்மேல் வீசும் காற்றும் குளிர்ந்து நம்மிடம் வருகிறது.

காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த காயிலில் நீராகப் படியும். அது வண்டிக்கு அடியில் சொட்டும். கொல்கத்தாவைப் போலச் சென்னையிலும் இது நன்றாகச் சொட்டும். இது கோளாறு அல்ல.

முதலில் எதைப் பார்ப்பது?

கேஸ் நிரப்பும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. காற்றே குறைவாக வருகிறதா? பில்டரில் தூசி அடைத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள்.

2. வெளிக்காற்று உள்ளே வருகிறதா? உள்காற்றே சுற்றும்படி பொத்தானை மாற்றுங்கள்.

3. வண்டி ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது குளிர் குறைகிறதா? கண்டென்சரின் விசிறி சுற்றாமல் இருக்கலாம். அல்லது கண்டென்சரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். என்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

4. காற்று நன்றாக வந்தும் குளிரவே இல்லையா? பியூஸ், பெல்ட், கம்ப்ரசர் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். கேஸ் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் குறைந்திருந்தால்

நல்ல ஏ.சி.யிலும் பல ஆண்டுகளில் சிறிதளவு கேஸ் குறையலாம். சில வாரங்களில் குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது. பஞ்சரான டியூபை ஒட்டாமல் காற்று மட்டும் அடித்தால் நிற்குமா?

மெக்கானிக் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அங்கே கசிவு இருக்கலாம். அடுத்து, குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசியாக, சரியான கேஸை எடைபோட்டு நிரப்ப வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் வண்டியின் பானட்டுக்கு அடியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். அதை நீங்களே படித்துப் பாருங்கள். அளவுக்கு மேல் நிரப்பினாலும் குளிர் குறையும்.

கசிவை அடைத்தால் ஊருக்கும் நன்மை. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ என்ற கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

எச்சரிக்கை

கேஸ் குழாயை நீங்களே கழற்றாதீர்கள். பீறிடும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துக் கெடுக்கும். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்காதீர்கள். என்ஜின் புகையில் உள்ள நச்சு வாயு உயிரைப் பறித்துவிடும்.

விடை கூறுங்கள்

1. ஏ.சி. கேஸ் ஏன் பெட்ரோலைப் போலத் தீர்வதில்லை?
2. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது ஏன்?
3. "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொன்னால், நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன?