பாலூட்டும் தாயின் மனம்

டில்லியில் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தாய்மையின் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தாயன்பே திரவ வடிவம் கொண்டு வருவதுதான் தாய்ப்பால் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பின்வரிசையில் கைக்குழந்தையுடன் அமர்ந்திருந்த ஓர் இளம்பெண் எழுந்து வெளியே போனாள். குழந்தை சிணுங்கியிருக்கும் என்று எண்ணினேன். வகுப்பு முடிந்ததும் அவளுடைய தாயார் வந்து தயக்கத்துடன் கூறினார்: “சுவாமிஜி, அவளுக்குப் பால் போதவில்லை. புட்டிப்பால்தான் கொடுக்கிறோம். அப்படியானால் என் குழந்தையிடம் எனக்கு அன்பு இல்லையா என்று கேட்டு அழுகிறாள்.”

நான் கூறியது பாதி உண்மை. மறுபாதியை அறியப் பிறகு நூல்களைத் தேட வேண்டியதாயிற்று.

தாய்ப்பாலின் சிறப்பில் ஐயமில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, பின்னர் பிற உணவுடன் இரண்டு ஆண்டு வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் பாலூட்டுவதால் தாயின் மனம் நலமடைகிறதா என்ற கேள்விக்கு ஆராய்ச்சிகள் நெடுங்காலம் முரண்பட்ட விடைகளையே தந்தன. 2015-இல் போரா, யாகோவூ, செவில்லா என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், பிரிட்டனில் ஏறத்தாழ 14,000 பிரசவங்களைப் பற்றித் திரட்டப்பட்ட விவரங்களை வேறொரு கோணத்தில் ஆராய்ந்தனர். ‘பாலூட்டினாளா?’ என்பதோடு, ‘பாலூட்ட வேண்டும் என்று கர்ப்ப காலத்திலேயே எண்ணியிருந்தாளா?’ என்றும் பார்த்தனர். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு இல்லாதிருந்த பெண்களுள், பாலூட்ட விரும்பி அவ்வாறே ஊட்டியவர்களுக்குப் பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. விரும்பியும் இயலாமற்போனவர்களுக்கு அது மிக அதிகம். வேதாந்தம் பயில்பவருக்கு இது வியப்பளிக்காது. சங்கல்பம் எவ்வளவு உறுதியானதோ, அது நிறைவேறாதபோது வரும் துயரும் அவ்வளவு ஆழமானது. அன்று எழுந்து போனவள் அன்பு குறைந்தவள் அல்லள், மிகவும் விரும்பியவள்.

உடலின் இயல்பும் இங்கே கவனிக்கத்தக்கது. பால் சுரப்பது வேறு, சுரந்த பால் இறங்குவது வேறு. சுரப்பதற்குப் புரோலாக்டின், இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்று இரண்டு ஹார்மோன்கள் தனித்தனியே வேலை செய்கின்றன. வலி, அச்சம், அவமானம் ஆகியவை இரண்டாவதைத் தடுக்கக்கூடியவை. பால் இறங்கவில்லை என்ற கவலையே பால் இறங்குவதைத் தடுத்துவிடுகிறது! முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும் சீம்பால் அளவில் சிறிதுதான். பெரும்பாலான சிசுக்களுக்கு அதுவே போதும். இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், ‘பாலே இல்லை’ என்ற தீர்ப்பு முதல் நாளே வந்துவிடுகிறது. உடனே சர்க்கரைத் தண்ணீர் வருகிறது, தேன் வருகிறது. குழந்தை உறிஞ்சுவது குறைகிறது. அதனால் சுரப்பும் குறைகிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 88.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெற்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவிகிதம்தான். உபதேசத்திற்குக் குறைவில்லை, அருகில் அமர்ந்து குழந்தையை எப்படி அணைத்துப் பிடிப்பது என்று காட்டும் கைகள்தாம் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இக்குறையை உணர்ந்து செய்யப்பட்ட பணி ஒன்று டில்லியிலேயே உள்ளது. லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் 2017-இல் நார்வே நாட்டின் ஒத்துழைப்புடன் ‘வாத்ஸல்ய மாத்ரி அம்ருத் கோஷ்’ தொடங்கப்பட்டது. (கோசம் என்றதும் நமக்கு அன்னமயகோசம் நினைவுக்கு வரும், இங்கே பொருள் பொக்கிஷம்.) தாய்மார்கள் தானமாக அளிக்கும் பால் இத்தகைய வங்கிகளில் 62.5 டிகிரி வெப்பத்தில் முப்பது நிமிடம் வைக்கப்பட்டுத் தூய்மையாக்கப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு அது உயிர்மருந்து. டில்லியில் இதனுடன் பாலூட்டும் தாய்மார்களுக்கான ஆலோசனையும் இணைந்துள்ளது. ஆறு கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்த்த குமரனை வணங்கும் நமக்கு, பிறர் பாலில் ஒரு குழந்தை வளர்வது புதிய செய்தியா?

பாலும் அன்பும் ஒன்றல்ல என்பதை ஹார்லோ என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கம்பியாலான பொம்மைத்தாயிடம் பால் கிடைத்தபோதிலும், குரங்குக் குட்டிகள் துணி போர்த்த பொம்மையையே நாளின் பெரும்பகுதி கட்டிக்கொண்டிருந்தன. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துச் செய்த கொடிய பரிசோதனை அது. ஆயினும் அதன் முடிவை மறுக்க இயலாது.

மனச்சோர்வு என்ற சொல்லிலும் ஒரு சங்கடம் உண்டு. சோர்வு என்றவுடன், தூங்கினால் தீரும் என்று எண்ணிவிடுகிறோம். பிரசவித்த முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் இயல்பு. அது தானே விலகும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நோய். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பிரசவித்த பெண்களுள் 22 சதவிகிதத்தினருக்கு இந்நோய் உண்டு என மதிப்பிட்டது. வேலூர் பகுதிக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, இதனுடன் தொடர்புடையவை எனச் சுட்டியவற்றைக் காணுங்கள்: வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறத்தல், மாமியாருடனோ பெற்றோருடனோ மனக்கசப்பு, வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாமை. இவற்றுள் எதுவும் தாயின் குணக்கேடு அன்று. வீட்டில் உள்ளவர்கள் மாற்றக்கூடியவையே பல.

உயிர் வாழவே விருப்பமில்லை என்றோ, குழந்தைக்கு ஏதேனும் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றோ தாய் சொன்னால், அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம், கட்டணமில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் ஆராய்ச்சி எதையும் விவரிக்கவில்லை. நான் சொன்னது தவறு என்று அவளுடைய தாயார் மூலம் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மையார் அன்று முதல் இரவு இரண்டு மணிப் புட்டிப்பாலைத் தாமே கொடுக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் மகள் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாளாம்.