அளவு யார் கையில்?
மலையகத்தின் உணவு, பான உற்பத்தியாளர்களைப் பற்றிய ஒரு பாடம்



2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையாலும் மண்சரிவாலும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் ஏராளமான குடும்பங்கள் லயங்களையும் தோட்டத் துண்டுகளையும் விட்டு வெளியேறின. விட்டு வந்த இடத்தில் மீண்டும் குடியேறலாமா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை வயிறு காத்திருக்காது. "மாடு வாங்கித் தரட்டுமா, தொழிற்கடன் தரட்டுமா?" என்று கேட்பவர்களும் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம்மைச் சுற்றி யார் எதை உற்பத்தி செய்கிறார்கள், அதற்கு விலை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று நடந்து பார்த்து, கேட்டு அறிய வேண்டும். அதற்கு இப்பாடம் உதவட்டும்.

1. கொழுந்து

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதியைத் தருபவர்கள் சிற்றுடைமையாளர்கள். ஆயினும் நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் பெருந்தோட்டங்களே அதிகம்.

சிற்றுடைமையாளர் தமது கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார். தேயிலை விற்ற தேறிய விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது நடைமுறையிலுள்ள பங்கீடு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து வேண்டும். ஆகவே தேயிலை கிலோ 1,000 ரூபாவுக்கு விலைபோனால், கொழுந்து கிலோவுக்குச் சுமார் 150 ரூபா கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்தவர் கேள்வி கேட்பார். தெரியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதையும் தராசு முன் நின்று பார்ப்பவரே அறிவார். தோட்டத்தில் நிறுவைக்கு நிற்கும் நம் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

2. பால்

காணி இல்லாத குடும்பமும் தொடங்கக்கூடிய தொழில் இது. லயத்துக்குப் பின்னால் கொட்டில் கட்டி மாடு வளர்ப்பது தோட்டங்களில் பழைய வழக்கம். அம்பேவெலவில் பெரிய பண்ணை இருக்கிறது. 1956 இல் அமைந்த தேசிய பால் சபையின் வழிவந்த மில்கோ நிறுவனமும் வேறு கம்பனிகளும் ஊர் ஊராகப் பால் சேகரிக்கின்றன. ஆனால் உள்நாட்டுப் பால் நாட்டின் தேவையில் பாதிக்கும் போதாது. மீதி, பால்மாவாகக் கப்பலில் வருகிறது. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் டொலர் இல்லாமற் போனதும் பால்மா கடைகளிலிருந்து மறைந்ததை நாம் மறக்கவில்லை. எனவே பாலுக்குச் சந்தை உண்டு. விலை எப்படி என்பதே கேள்வி.

பால் லீற்றர் கணக்கில் மட்டும் வாங்கப்படுவதில்லை. அதிலுள்ள கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மங்களையும் பார்த்தே விலை போடுகிறார்கள். ஆகவே சில விடயங்களை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, கறவையின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். முதற்பாலைக் கறந்து விற்றுவிட்டுக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால், விற்கும் பாலின் கொழுப்பு அளவு குறையும். கன்றைப் பட்டினி போடச் சொல்லவில்லை. அதன் பங்கை முதலில் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, பாலின் அடர்த்தியைப் பால்மானி காட்டுகிறது. கறந்த சூட்டிலுள்ள பாலில் அது குறைவாகவே காட்டும். நுரை அடங்காமல் வாசித்தாலும் பிழை வரும். தண்ணீர் கலந்ததாகச் சந்தேகம் வந்தால், பாலை ஆறவிட்டு மீண்டும் அளக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

மூன்றாவது, சூட்டிலிருக்கும் பாலில் கிருமி அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகலாம். கழுவி வெயிலில் காயவைத்த பாத்திரத்தில் கறந்து, தாமதமின்றி நிலையத்தில் சேர்க்க வேண்டும். திரிந்த பாலுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

இன்னுமொன்று. 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிலோ பச்சைப் புல் வேண்டும், தாராளமாகத் தண்ணீரும் வேண்டும். தேயிலையை மீள நடுவதற்கு முன் மண்ணை வளப்படுத்தத் தோட்டங்களில் குவாத்தமாலா புல் நடுவார்கள். அதை அறுக்க அனுமதி கிடைக்குமா, வழியோரப் புல் போதுமா என்று பாருங்கள். தற்காலிக முகாமில், புல்லுக்கு வழியில்லாமல் இலவசமாக வரும் மாடு உதவியல்ல, சுமை. "இப்போது வேண்டாம், இடம் கிடைத்தபின் தாருங்கள்" என்று சொல்வதில் வெட்கமில்லை.

3. கித்துளும் மரக்கறியும்

கினிகத்தேனைப் பக்கத்துக் கிராமங்களில் கித்துள் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கி, பாணியும் கருப்பட்டியும் காய்ச்சுகிறார்கள். சிலர் வெள்ளைச் சீனி கலந்து காய்ச்சுகிறார்கள். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாதபோது, கலப்படமில்லாமல் செய்பவரும் கலப்பட விலைக்கே விற்க வேண்டியதாகிறது. இங்கே அளவுகோல் இல்லாததே நஷ்டம். நாலைந்து குடும்பங்கள் ஒரே தரத்தில் காய்ச்சி, ஒரே பெயரில் விற்றால் அந்தப் பெயரே அளவுகோலாகும்.

கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு விலை தம்புள்ளையிலும் கொழும்பிலும் தீர்மானமாகிறது. அன்றைய விலையைத் தொலைபேசியில் விசாரிக்காமல் லொறியில் மூட்டை ஏற்ற வேண்டாம்.

4. ஆனந்த் காட்டிய வழி

குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகளிடம் பால் வாங்கும் வாய்ப்பு ஒரே கம்பனியின் கையில் இருந்தது. விலை கட்டாமல் 1946 இல் அவர்கள் 15 நாள் பால் கொடுக்க மறுத்தார்கள். அதே ஆண்டு டிசெம்பரில் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் சங்கம் பதிவாயிற்று. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 250 லீற்றர் பால்தான். 1949 இல் வர்கீஸ் குரியன் என்ற பொறியியலாளர் வந்து சேர்ந்தார். அதுவே பின்னர் 'அமுல்' ஆயிற்று. காணியில்லாதவர்களும் ஓரிரு மாடு வைத்திருந்தவர்களும் அதில் உறுப்பினரானார்கள். கிராமச் சங்கத்திலேயே பாலை அளந்து, பரிசோதித்து, அதன்படி பணம் கொடுத்தார்கள். அளக்கும் கருவி உற்பத்தியாளரின் சொந்தச் சங்கத்தில் இருந்தது.

5. வீட்டுக் கணக்கு

1881 இல் நுவரெலியாவில் ஆரம்பித்த பியர்த் தொழிற்சாலை பின்னர் பியகமவுக்குப் போய்விட்டது. தவறணைகளோ நம்மை விட்டுப் போகவில்லை. காலையில் பால் விற்ற காசு மாலையில் அங்கே போனால் எந்தத் திட்டமும் நிற்காது. பால் பணம், மாட்டைப் பார்க்கும் பெண்ணின் கைக்கு வரட்டும். ஒரு கொப்பியில் தினமும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: கொடுத்த லீற்றர், பால்மானி காட்டிய அளவு, கிடைத்த பணம், தீனிச் செலவு. மூன்று மாதத்தில் அந்தக் கொப்பி, கடன் கேட்கவும் விலை பேசவும் உங்கள் சாட்சியாகும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது தற்போதைய இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் என்னென்ன உணவு, பானப் பொருட்கள் உற்பத்தியாகின்றன? அவற்றை யார் வாங்குகிறார்கள்?
2. நாம் விற்கும் பொருளை அளப்பவர் யார்? அளக்கும்போது நாம் பக்கத்தில் நிற்கிறோமா?
3. ஒரு தராசையோ பால்மானியையோ பொதுவில் வாங்க எத்தனை குடும்பங்கள் சேர வேண்டும்?
4. மாடு தருவதாக ஒருவர் சொன்னால், நாம் அவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?

அடுத்த கூட்டத்துக்கு முன் இருவர் இருவராகச் சென்று ஒரு பால் நிலையத்தையும் ஒரு கொழுந்து நிறுக்கும் இடத்தையும் பார்த்து, கண்டதை எழுதி வாருங்கள்.