பொன் தேடும் பொழுதுபோக்கு



மனிதனுக்கு உழைப்பு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் ஓய்வும். ஓய்வு வேளையில் ஒருவர் தோட்டம் போடுவார், ஒருவர் மீன் பிடிப்பார், ஒருவர் தபால்தலை சேர்ப்பார். இதில் யாதொரு குற்றமும் இல்லை. ஆனால் சில பொழுதுபோக்குகள் வேலைக்காரனைப்போல் வீட்டுக்குள் நுழைந்து, கொஞ்ச காலத்தில் எசமானாய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை இவ்வாரம் ஆராய்வோம். அது பொன் தேடுதல்.

"நம் கடம்பூர்க் கரிசலில் பருத்தியும் உளுந்தும் விளையுமேயன்றிப் பொன்னா விளையும்? இந்தப் பாடம் நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். கடைசிவரை வாசியுங்கள், விடை தானே விளங்கும்.

அந்நிய நாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிறு கட்டணம் செலுத்தி உரிமைச்சீட்டுப் பெற்று, விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு ஓடைக்கரைக்குப் போகிறார்கள். அந்த மாநிலத்தில்தான் 1869-ல் எழுபது கிலோவுக்கு மேற்பட்ட பொன்கட்டி ஒன்று, தரையிலிருந்து சில அங்குல ஆழத்தில் இரண்டு பேருக்கு அகப்பட்டது. அந்தச் செய்தியின் சூடு இன்னும் ஆறவில்லை.

தேடும் முறை எளியது. ஆழமற்ற தட்டில் ஆற்று மணலை அள்ளி, நீரில் அமிழ்த்தி, வட்டமாய் ஆட்டுவார்கள். பொன் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம். சாதாரண மணலோ இரண்டரை மடங்குதான். ஆகையால் மணல் நீரோடு வழிந்துபோக, கனமான கருமணல் அடியில் தங்கும். அந்தக் கருமணலுக்குள் சில வேளை ஒரு மஞ்சள் புள்ளி மின்னும். குண்டூசித் தலையில் பாதிகூட இராது. அதன் விலை வந்துபோன வண்டிச் சத்தத்துக்கும் காணாது. ஆனாலும் அதைக் கண்டவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான். "இன்னும் ஒரு தட்டு" என்பான். அந்தி சாயும், அப்போதும் "இன்னும் ஒரு தட்டு".

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் பொன் கிடைத்தால் அது கூலிவேலை; மாலையில் களைத்து எழுந்துவிடுவான். ஒரு தட்டிலும் கிடைக்காவிட்டால் வெறுத்துப் போய்விடுவான். எப்போதோ ஒருமுறை, எதிர்பாராத வேளையில் கிடைப்பதுதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. மனத்தைப் பிடிப்பது கையிலுள்ள பொன் அல்ல, அடுத்த தட்டில் இருக்கக்கூடிய பொன்னே.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். நம் நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, பந்தலூர் என்னும் ஊர்கள் இருக்கின்றன. அப்பகுதி மக்கள் நெடுங்காலமாக ஓடை மண்ணை அலசிச் சிறிது பொன்துகள் எடுத்து வந்தார்கள். அது அவர்கள் பிழைப்பில் ஒரு பகுதி. 1879-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித் என்னும் நிபுணர் அந்தப் பாறைகளை ஆராய்ந்து நம்பிக்கையாய் எழுதினார். உடனே லண்டனில் பங்குகள் பறந்தன. இரண்டொரு வருஷத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள், ஏட்டளவில் ஐம்பது லட்சம் பவுனுக்கு மேற்பட்ட முதலோடு கிளம்பின. பொன் இல்லாமல் இல்லை. செலவுக்கு ஈடாகத்தான் இல்லை. சில வருஷங்களில் எல்லாம் இடிந்து விழுந்தன. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. இன்று அங்கே தேயிலை தளிர்க்கிறது.

இரண்டாவது உதாரணம் கோலார். மைசூர் நிலத்தை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் அதிகாரி, அங்குள்ள கிராமத்தார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை 1802-ல் கண்டு எழுதி வைத்தார். ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து, நியூஸிலாந்தில் யுத்தம் செய்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியிருந்த லவெல் என்னும் ஐரிஷ் சிப்பாய் அதை வாசித்தார். அன்றே பித்துப் பிடித்தது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் பயணமானார், மண்ணைக் கிளறினார், மனுமேல் மனுப் போட்டார். 1875-ல் உரிமை கிடைத்தது. ஆனால் ஆழத் தோண்டக் கைமுதல் போதாமல், 1877-ல் அதைப் பிறருக்குக் கைமாற்றிவிட்டார். நிறைந்த பொன் வெளிப்பட்டது அதற்குப் பின்பே.

அதுவும் விளையாட்டாய் வரவில்லை. வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன ஆயிரக்கணக்கான நம் தமிழ் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம்வரை வெக்கையிலும் பாறைத் தூசியிலும் இறங்கி அதை எடுத்தார்கள். பலர் நுரையீரல் கெட்டு மடிந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

மூன்றாவது உதாரணம் நம் காலத்திலேயே நடப்பது. ஆந்திராவில் கர்நூல் மாவட்டத்து ஜொன்னகிரி, அனந்தபுரம் மாவட்டத்து வஜ்ரகரூர் ஆகிய ஊர்ப் பக்கங்களில் முதல் மழை பெய்ததும், வைரக்கல் பொறுக்க ஜனங்கள் கூட்டமாய் வந்து சேருகிறார்கள். பொன்னல்ல, வைரம், ஆனாலும் வியாதி ஒன்றே. வேலையை விட்டு, மரத்தடியில் தங்கி, குனிந்த தலை நிமிராமல் நாட்கணக்காய்த் தேடுகிறார்கள். எப்போதோ ஒருவருக்குக் கல் கிடைக்கும். அந்தச் செய்தி ஊர் ஊராய்ப் பரவும். வெறுங்கையோடு திரும்பிய நூறு பேரைப்பற்றி யார் பேசுகிறார்கள்?

சேசுநாதர் சொன்ன ஒரு உவமையை இங்கே நினைவுகூர்வது தகும். நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்ட ஒருவன், தனக்குள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்கினான். அவன் செய்த ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் கண்டான், பிறகு விற்றான். பொன் தேடும் பித்துப் பிடித்தவனோ முதலில் விற்கிறான். நேரத்தை விற்கிறான்; பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் வேளையை விற்கிறான்; ஞாயிறு பூசையை விற்கிறான்; சில வேளை மனைவியின் கழுத்து நகையையும் விற்கிறான். காண்பதோ அடுத்த தட்டில் என்கிறான்.

இப்போது நமது ஊருக்கு வருவோம். நம்மிடம் பொன்னாறு இல்லை. ஆனால் கைபேசி இருக்கிறது. அதில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமும் அதே தட்டுத்தான். அடுத்த ஆட்டம், அடுத்த புள்ளி. புதையல் இருக்கிறது, பூசை போட்டு எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவனும் அதே வலையைத்தான் விரிக்கிறான். சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள்: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதியின்றிக் கனிமம் தேடித் தோண்டுவது 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் தேடும் ஆசையே கெட்டதா? இல்லை. அந்நிய நாடுகளில் பொன் அலசும் பந்தயம் நடத்துகிறார்கள். வாளி மணலில் எண்ணி வைத்த சில பொன்துகள்களை யார் விரைவாய்க் கண்டெடுக்கிறாரோ அவருக்கு வெற்றி. வாளிக்கு ஒரு அடி உண்டு, ஆட்டத்துக்கு ஒரு நேரம் உண்டு. முடிந்ததும் கைகழுவி வீடு திரும்புகிறார்கள். எல்லை உள்ளவரை அது பொழுதுபோக்கு. எல்லை தாண்டினால் நாம் அதைத் தேடுவதில்லை. அதுவே நம்மைத் தின்கிறது.

குடும்பத்தில் கலந்து பேச:

1. நம் வீட்டில் ஒவ்வொருவரும் விரும்பும் பொழுதுபோக்கு எது? அது எத்தனை மணிக்கு முடிகிறது?

2. வேண்டாம் என்று வீட்டார் சொன்னால், ஒரு வாரம் அதை மனக்கசப்பின்றி விட முடியுமா?

3. அதற்காக இதுவரை எதை விற்றோம்? பணத்தை மட்டுமல்ல, நேரத்தையும் கணக்கில் சேர்த்து, பிள்ளைகளையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.