கிராமத்துக்குக் கூட்டமாகப் போங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா இங்கிலாந்துக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் வார இறுதியில் லண்டனுக்குக் கூட்டிப்போய் அரண்மனையையும் டவர் பிரிட்ஜையும் காட்டுகிறோம். தேம்ஸ் நதியில் படகு ஏற்றுகிறோம். பிறகு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். ஆறு மாத விசாவில் வந்தவர்கள் மீதி நாட்களை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆள் நடமாட்டம் இல்லாத தெருவைப் பார்த்தே கழிக்கிறார்கள். பேச ஆளில்லை, நடக்க இடம் தெரியவில்லை. டிக்கெட்டுக்கு அத்தனை பணம் கொடுத்து வரவழைத்தது இதற்காகவா என்ற கேள்வி என்னை வெகுநாள் உறுத்தியிருக்கிறது.

நாங்கள் மான்செஸ்டரில் குடியிருக்கிறோம். இங்கே நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் எங்களுக்கு நெருக்கம். மதுரைக்காரர்கள் உண்டு, யாழ்ப்பாணத்தார் உண்டு, கொங்கு நாட்டிலிருந்து நாங்கள். எல்லாருமாகச் சேர்ந்து பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவதை வழக்கமாக்கிக்கொண்டோம். இந்த நாட்டில் நான் போன பயணங்களில் வீட்டுப் பெரியவர்கள் உண்மையாகவே மலர்ந்ததைப் பார்த்தது இவற்றில்தான். ஒரு குடும்பம் மட்டும் தனியே போனால் அது நடப்பதில்லை. கிராமத்தில் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் காட்சிகள் குறைவு. நடை, சாப்பாடு, பேச்சு, தூக்கம், அவ்வளவுதான். அதை நிறைக்க மனிதர்கள் வேண்டும். அதனால்தான் கூட்டமாகப் போகச் சொல்கிறேன்.

என் அப்பா காங்கயம் பக்கத்துக்காரர். ஆடு மாடு மேய்த்து வளர்ந்தவர். அங்கே காசில்டன் ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் கல்சுவர் ஓடும் ஒரு சந்துக்குள் நடந்தபோது நின்றுவிட்டார். சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் அவை. சுவருக்கு அந்தப் புறம் செம்மறிகள். "இது நம்ம இட்டேரி கண்ணு," என்றார். "நம்ம கொறங்காட்டுக்குக் கிளுவ வேலி, இவிங்களுக்குக் கல்லு வேலி. மத்ததெல்லாம் ஒண்ணுதான்." இட்டேரி என்பது எங்கள் பக்கத்தில் இருபுறமும் வேலியோடு போகும் பாதை, கொறங்காடு மேய்ச்சல் நிலம். கேட்டருகே நின்ற விவசாயியிடம் பேரனை மொழிபெயர்க்க வைத்து, எத்தனை உருப்படி கிடக்கிறது, ஆட்டின் முதுகில் எதற்கு நீலச் சாயம், ஒரு காட்டில் எத்தனை நாள் மேயவிட்டு அடுத்ததற்கு மாற்றுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாருடைய ஆடு என்று அடையாளம் காணத்தான் சாயம் என்று அவர் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. லண்டனில் வாய் திறக்காமல் எங்கள் பின்னால் நடந்த மனிதர் அவர். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யாழ்ப்பாணத்துப் பெரியவருக்கு ஆட்டு வளர்ப்பைப் பற்றி அவர் நடத்திய பாடம் பத்து மணிக்கும் முடியவில்லை. சம வயதில் துணை இருந்ததால்தான் அந்தப் பேச்சு. என்னோடு மட்டும் இருந்திருந்தால் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தியிருப்பார்.

இந்த நாட்டில் கிராமத்துக்குக் கூட்டமாகப் போவது பணக்காரர்கள் தொடங்கிய வழக்கமில்லை. லங்காஷயரில் கோல்ன் என்று ஒரு பஞ்சாலை ஊர் உண்டு. ஆலைகள் மூடும் விடுமுறை வாரத்தில் தொழிலாளர்கள் கடற்கரை ஊர்களுக்குப் போய், சேர்த்த காசையெல்லாம் செலவழித்துத் திரும்புவார்கள். அந்த ஊரில் பாதிரியாராக இருந்த டி. ஏ. லெனார்ட் இதைப் பார்த்து வருந்தி, 1891-இல் 30 ஆண்களை லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள ஆம்பிள்சைடுக்குக் கூட்டிப்போனார். சேர்ந்து தங்குவது, சேர்ந்து மலை ஏறுவது, செலவைப் பகிர்ந்துகொள்வது என்பதே திட்டம். அதிலிருந்து ஒரு கூட்டுறவு விடுமுறைச் சங்கம் பிறந்தது. 1913-இல் அவரே தொடங்கிய இன்னோர் அமைப்பு எச்எஃப் ஹாலிடேஸ் என்ற பெயரில் இன்றும் கூட்டுறவாகவே நடக்கிறது. சேர்ந்து போக நண்பர் கூட்டம் இல்லாதவர்கள், தனியாக இருப்பவர்கள், அந்த அமைப்பின் வழிகாட்டியோடு நடக்கும் விடுமுறையில் தனி ஆளாகவே சேர்ந்துகொள்ளலாம்.

நடக்கும் உரிமையும் கூட்டமாகப் போராடிப் பெற்றதுதான். பீக் டிஸ்ட்ரிக்டில் எடேல் கிராமத்துக்கு மேலே நிற்கும் கிண்டர் ஸ்கவுட் பீடபூமி அந்தக் காலத்தில் நிலப்பிரபுக்களின் வேட்டைக்காடு. காவலாட்கள் யாரையும் ஏறவிடமாட்டார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, பெனி ராத்மன் என்ற இருபது வயது இளைஞரின் தலைமையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஹேஃபீல்டிலிருந்து கிளம்பி அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காச் சட்டம் 1949-இல் வந்தது. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. திறந்த மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அந்த மலையடிவாரத்திலேயே சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட ஆழமாகப் பதியும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 2 லட்சம் கிலோமீட்டருக்கும் மேலான பொதுவழிகள் இருக்கின்றன. தனியார் வயலுக்கு நடுவே போனாலும் அது பொதுவழிதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சள் அம்புக்குறி என்றால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்புளோரர் வரிசையில் ஓஎல்1, ஓஎல்24 என்ற இரண்டு வரைபடங்கள் பீக் டிஸ்ட்ரிக்டைக் கிட்டத்தட்ட முழுவதும் காட்டிவிடும். 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர். பச்சைக் கோடு விட்டு விட்டு ஓடினால் பொதுவழி. ஒவ்வொரு வயல் சுவரும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. காகித வரைபடத்தைக் கட்டாயம் வாங்குங்கள், அதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வேகம் இருக்காது. எல்லா வேகத்துக்கும் இடம் கொடுக்கும் பாதையாகப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்தது மான்சல் டிரெயில். 1968-இல் மூடப்பட்ட ரயில் தடம் அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக்கியிருக்கிறார்கள். பேக்வெல் பக்கத்திலிருந்து பக்ஸ்டன் திசையில் எட்டரை மைல், பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. 2011-இல் பழைய சுரங்கங்களையும் திறந்துவிட்டார்கள். தள்ளுவண்டிக் குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் நிம்மதியாக வரலாம். இளையவர்கள் மேலேறி மலைவழியாக வந்து மான்சல் ஹெட் பாலத்தில் சேர்ந்துகொள்வார்கள். ஏறிப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டால் மாம் டார் இருக்கிறது. உயரம் 517 மீட்டர்தான். மேலே உள்ள கார் நிறுத்தத்திலிருந்து கற்படி போட்ட பாதை உண்டு. உச்சியில் ஒரு பக்கம் எடேல், மறுபக்கம் காசில்டன். காற்று பலமாக அடிக்கும். காதை மூடும் தொப்பி வேண்டும்.

ஒரு பகலை ஈம் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். 1665-இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணி மூட்டையோடு பிளேக் நோய் அங்கே வந்து சேர்ந்தது. மறு ஆண்டு கோடையில், வில்லியம் மாம்பெசன், தாமஸ் ஸ்டான்லி என்ற இரண்டு சமயத் தலைவர்களின் பேச்சைக் கேட்டு, ஊரே தன்னைப் பூட்டிக்கொண்டது. நோய் சுற்று வட்டாரத்துக்குப் பரவக் கூடாது என்று எல்லையைத் தாண்டுவதில்லை என முடிவெடுத்தார்கள். எல்லைக்கல்லில் குழி தோண்டி, வினிகர் ஊற்றி, அதில் காசு போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எலிசபெத் ஹேன்காக் என்ற பெண் எட்டு நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். வீடுகளின் முகப்பில் யார் யார் இறந்தார்கள் என்ற பலகைகள் இருக்கின்றன, எல்லைக்கல்லும் இருக்கிறது. கொரோனா காலத்தில் சொந்தங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட ஊருக்குப் போக முடியாமல் தவித்தவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அதுவரை யாரும் வாய்விட்டுப் பேசாததை ஈம் போய் வந்த இரவில் பேசினார்கள். மறுநாள் காலையில் ஓடவேண்டிய வேலை இல்லாத ஒரே வீட்டில் எல்லாரும் இருந்ததால் அது முடிந்தது.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. பதினாறு பேர் தூங்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தால் அதில் நான்கு பேர் சோபாவில் தூங்குவதாக இருக்கலாம். படுக்கையறையைவிடக் குளியலறைகளை எண்ணுங்கள். பழைய கல்வீடுகளில் மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், உத்திரம் தலையில் இடிக்கும். ஆகவே தரைத்தளத்தில் குளியலறையோடு ஓர் அறையாவது வேண்டும். அது பெரியவர்களுக்குத்தான் என்பதைப் பணம் கட்டும் முன்பே பேசி முடியுங்கள். எல்லாரும் சேர்ந்து உட்காரும் அளவுக்குச் சாப்பாட்டு மேசை இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம். என் கணக்கில் பத்திலிருந்து பதினான்கு பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் கிராமத்து பப்பில் ஒன்றாக இடம் கிடைக்காது, கார் நிறுத்தவும் சிரமம்.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடுப்பு இண்டக்‌ஷனா என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது. வரமிளகாயைத் தாளித்தால் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்து, மூடி போட்டுத் தாளியுங்கள். மாவை அங்கே போய்ப் புளிக்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், கல்வீட்டுக் குளிரில் புளிக்காது. வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்துப் போங்கள். நடைக்குக் கட்டிக்கொண்டுபோகப் புளியோதரையைப் போல வேறில்லை. மழையில் கல்சுவரோரம் ஒதுங்கி நின்று சாப்பிட்டாலும் சுவையாக இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒரு விதியை எங்கள் கூட்டத்தில் வைத்திருக்கிறோம். இரவுச் சமையல் முழுக்க ஆண்கள் பொறுப்பு. ஒவ்வொரு இரவும் ஒரு குடும்பத்து ஆண்கள் சமைத்து, பாத்திரமும் கழுவி வைக்க வேண்டும். பெரியம்மாக்கள் முதலில் ஒப்பவில்லை. "ஆம்பளைங்க கையில குடுத்தா வெளங்குமா?" என்றார்கள். இரண்டாம் நாளிலேயே கணப்பின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். பெண்கள் வீட்டில் செய்யும் அதே வேலையை மலையடிவாரத்தில் போய்ப் பத்து மடங்காகச் செய்தால் அதை விடுமுறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இந்த விதிக்குச் சம்மதிக்காத கூட்டத்தோடு போகாதீர்கள்.

பணத்தை ஒருவர் கையாளட்டும். வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்றும் பிள்ளைகளுக்குப் பாதி என்றும் பிரித்து, போகும் முன்பே வாங்கிவிட வேண்டும். மளிகைக்குப் பொதுப்பணம் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்க் கணக்குப் பார்த்தால் நட்பு கெடும்.

எச்சரிக்கைகளும் உண்டு. கன்றோடு நிற்கும் பசு ஆபத்தானது. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் விலகிச் சுற்றிப் போங்கள். மூடியிருந்த கேட்டை மூடுங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். குட்டி போடும் காலத்தில் பிள்ளைகள் ஆடுகளை விரட்டக் கூடாது. புல்லில் நடந்து வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று காலைப் பாருங்கள். மலையில் யாருக்காவது அடிபட்டால் 999-ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

பெரியவர்களோடு போவதற்கு மே கடைசியிலிருந்து ஜூன் முடிய நல்ல காலம். இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஆகஸ்டில் மேட்டு நிலமெல்லாம் ஹெதர் செடி பூத்து ஊதா நிறமாகிவிடும். டிசம்பர் வேண்டாம், நான்கு மணிக்கே இருட்டிவிடும். கார் இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில் எடேல், ஹோப், ஹேதர்சேஜ் ஊர்களில் நிற்கும். லண்டனிலிருந்து வருவோர் ஷெஃபீல்டில் மாறிக்கொள்ளலாம்.

உங்கள் அப்பா அம்மா அடுத்த கோடையில் வருவதாக இருந்தால், அவர்களுக்கு விமான டிக்கெட் போடும் வாரத்திலேயே நண்பர்களோடு பேசி வீட்டையும் பதிவு செய்துவிடுங்கள். பெரிய வீடுகள் குறைவு. பள்ளி விடுமுறை வாரங்களுக்கு அவை பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்.