முகச் சிவப்பு நோயும் அன்றாடப் பராமரிப்பும்

ரோசேசியா என்னும் முகச் சிவப்பு நோய் வெள்ளையர்க்கே உரியது என்பர் சிலர். அது மாநிறத்தாருக்கும் வரும். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சல், வெம்மை, சிறு பருக்கள் ஆகியனவே அடையாளம். கள்ளக்குறிச்சி வெயிலில் வாடிய என் தோழியர் சிலர், இதனை முகப்பரு என்றெண்ணி மருந்துக் கடையில் களிம்பு கேட்டு வாங்கக் கண்டிருக்கிறேன். ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் தணிக்கும். நிறுத்தியதும் நோயைப் பெருக்கும். இத்தகைய கேட்டைக் கருதியே 2018இல் நடுவண் அரசு, 14 ஸ்டீராய்டு மருந்துகள் கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றது.

காலையும் மாலையும் மென்மையான சோப்பிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவுக. துணியால் ஒற்றுக, தேய்க்கற்க. மணமற்ற ஈரப்பசைக் களிம்பு பூசுக. எலுமிச்சைச் சாறும் ஆவி பிடித்தலும் ஆகா. பகலில் துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில்காப்புக் களிம்பும் குடையும் வேண்டும். கல்வராயன் மலை குளிர்ந்தாலும் உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிர் மிகும். அங்கும் குடையை மறவாதீர். கண் எரிந்தால் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.